எண்ணெய் முடியில் சூட்டுக் கம்பி

எண்ணெய் கருகும் வாசனை வந்தால், அடுப்பைப் பார்ப்பதற்கு முன்பே என் கை நெற்றிக்குப் போய்விடும்.

அன்று மாலை அக்காவின் கல்யாண வரவேற்பு. அறுவடைக் கூலித் தகராறில் சாலை மறியல் நடந்து பஸ் ஓடாததால், தஞ்சாவூரிலிருந்து தலை அலங்காரத்துக்கு வரவேண்டியவர் வரவில்லை. சினிமா நடிகை போல அக்காவின் நெற்றியில் அலையாகச் சுருள் வைக்க, நானே முடி சுருட்டும் கம்பியைக் கரியடுப்பில் காய்ச்சினேன். காலையில் அம்மா அவள் தலையில் தேய்த்துவிட்ட எண்ணெய் நினைவில் இல்லை. சுருட்டியதும் புகை கிளம்பியது. நெற்றிக் கற்றை கருகிக் கையோடு வந்துவிட்டது.

“கல்யாணப் பொண்ணு முடி கருகலாமாடி? சம்பந்தி வீட்டுக்காரங்க வாசல்லயே நிக்கறாங்க!” அம்மா பதறினாள்.

அக்கா கத்திரியை நீட்டினாள். “நெத்தியில மிச்சத்தையும் இதே அளவுக்கு வெட்டு. ஸ்டைலுன்னு சொல்லிக்கலாம்.”

ஒவ்வொரு கற்றையாக வெட்டினேன். புருவத்துக்கு மேல் மயிலிறகு போல முடி விழுந்தது.

இப்போதெல்லாம் சீயக்காயில் அலசி, நன்றாக உலர்த்திய பிறகே கம்பியைத் தொடுகிறேன். அதன் சூட்டை முதலில் காகிதத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

வரவேற்புக்கு மறுநாள், புகுந்த வீட்டுக்குக் காரில் ஏறும்போது, அழுதுகொண்டிருந்த என் காதில் அக்கா சொன்னாள்: “அழாதடி. இந்த நெத்தி முடி எப்பவும் இப்படியே இருக்கணுமாம் அவருக்கு. மாசாமாசம் கும்பகோணம் வந்து வெட்டிவிட்டுட்டுப் போ.”