ஏரி வெட்ட முடியாத ராஜ்ஜியம்

அக்காவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் லேப்டாப் அவளுடையது. எங்கள் ராஜ்ஜியம் அதற்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் அரியலூரில் ரயில் ஏறுவதற்குள் அதைத் துறைமுகக் காலத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு.

பழங்கால அரசர்களை வைத்து ஆடும் விளையாட்டு அது. கிராமத்தில் தொடங்கி, நகரம், பிறகு துறைமுகம் என்று காலம் காலமாக ஏற வேண்டும். விடுமுறை முழுக்க நானும் அக்காவும் மாறி மாறி ஆடினோம். கஷ்டமான முறையைத் தேர்ந்தெடுத்தது நான். அதில் செய்தது செய்ததுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓர் ஆண்டு ஓடிவிடும்; முந்தைய ஆண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை.

சிக்கல் கல்லில் வந்தது. தொடக்கத்தில் கல்லுக்கு நல்ல விலை. சிமெண்ட் ஆலைப் புகையைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கல்லைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஓரத்தில் ஒன்றிரண்டைத் தவிர வயல் இருந்த கட்டங்களையெல்லாம் குவாரியாக்கினேன். கஜானா நிரம்பியது. அண்டை நாடுகளும் குவாரி திறந்ததும் விலை விழுந்தது. நெல்லை வெளியே வாங்கவேண்டியதாயிற்று. சரி, குவாரியை மறுபடி வயலாக்கலாம் என்று பார்த்தால், அதற்குப் பொத்தானே இல்லை.

"அரியலூர்க்காரன்னு காட்டிட்ட பாத்தியா," என்றாள் அக்கா. "ஒரு வயலயாவது விட்டியாடா?"

"ஏரி வெட்டினா மிச்ச நெலத்துல ரெண்டு போகம் வெளையும்க்கா."

"அப்ப வெட்டு."

வெட்ட முடியாது. ஏரி வெட்டும் அறிவு துறைமுகக் காலத்தில்தான் திறக்கும். துறைமுகக் காலத்துக்கு ஜனத்தொகை வேண்டும். ஜனம் பெருக நெல் வேண்டும். நெல்லுக்கு ஏரி வேண்டும். இதை உருவாக்கியவர் எங்கள் பக்கம் வந்தே இருக்க மாட்டார். கடலைப் பார்க்காமலே செத்துப்போனவர்கள் இங்கே எத்தனையோ பேர்; ஏரி இல்லாத ஊர் உண்டா? கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியில்கூட மழைக்குத் தண்ணீர் நிற்கும், ஆடு குடிக்கும். விளையாட்டில் எவ்வளவு மழை பெய்தாலும் என் குழிகள் காய்ந்தே கிடந்தன.

வரியைக் குறைத்தேன். படையைக் கலைத்தேன். கலைத்த வீரர்களுக்கும் சோறு போட வேண்டியிருந்தது. சனிக்கிழமை மதியம் அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"துணிய எடுத்து வைக்கச் சொன்னா, ரெண்டும் மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கு. யாரு செத்தா?"

"ஜனங்கதாம்மா," என்றாள் அக்கா. "பசியில."

அம்மா போனதும் அக்கா திரையின் ஓரத்தைக் காட்டினாள். பக்கத்துப் பெரிய நாட்டின் தூதுவன் ரொம்ப நாளாக அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"சரணடைஞ்சிடலாம்டா. அவனுக்குக் கீழ போனா நெல்லு அனுப்புவான்."

"இவ்ளோ நாள் கட்டுனதத் தூக்கி அவன்கிட்ட குடுக்கவா? வேணாம்க்கா."

"அப்ப பட்டினி போடு."

மறுநாள் பிளாட்பாரத்தில் லேப்டாப் பையை அவள் தோளில் நானே மாட்டிவிட்டேன். "வழி ஏதாச்சும் தோணுச்சுன்னா சொல்லு, நான் ஆடுறேன்," என்றாள். எதுவும் தோன்றவில்லை. ரயில் போனபிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்து, இதே விளையாட்டை ஆடியவர்கள் எழுதியதையெல்லாம் போனில் தேடிப் படித்தேன். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: முதலிலேயே வயலைத் தொடாமல் விட்டுவைத்திருக்க வேண்டும்.

பஸ் ஏறும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது. "தூதுவனுக்குச் சரின்னுட்டேன். திட்டாத. பாதி ஜனம் போயிடுச்சுடா."

திட்ட வரவில்லை. "துறைமுகம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. அவனுக்குக் கீழ போனா அவன் காலந்தான் நமக்குமாம். கப்பலெல்லாம் அவன் கொடியில போவுது."

"ஏரி?"

"அவன் அனுமதி குடுத்தாத்தான் வெட்டலாமாம்."

"கேட்டியா?"

கூட்டத்தில் இடம் தேடிக்கொண்டே உள்ளே நகர்ந்தேன்.

"கேட்டேன். அஞ்சு வருஷம் கழிச்சு வரச் சொல்றான்."

ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்து, "சரி, அஞ்சு வருஷத்த ஓட்டு," என்று அனுப்பினேன்.