ஒட்டுகிற அரிசி

என் கணவரின் தம்பியும் அவர் மனைவியும் ஜப்பானில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வந்து, எங்கள் வீட்டு மாடியில் குடியேறி நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை அவள் கீழே இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"எக்கா, நாளைக்கு மோச்சி செய்யணும்னு இருக்கு. உங்க இட்லிப் பானையைத் தருவியளா?"

"அதுக்கென்ன, எடுத்துக்கோ" என்றேன்.

அவள் போன பிறகு, மாடியில் ஏது மொச்சை என்று நினைத்து, என்னிடம் இருந்ததில் இரண்டு பிடி எடுத்து ஊறப்போட்டேன். மறுநாள் இட்லிப் பானையோடு அந்தக் கிண்ணத்தையும் நீட்டினேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்த நாலு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மொச்சை இல்லக்கா, மோச்சி. அரிசியில செய்யற பலகாரம். உள்ள பயறும் சீனியும் வச்சு மூடணும். நம்ம கொழுக்கட்டை மாதிரிதான். ஆனா கடிச்சு இழுத்தா மாவு நீளும்."

கொழுக்கட்டை என்ற வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பிள்ளையார் சதுர்த்திக்கு மாவு கிளறுவது நான்தான். அலுவலக வேலையில் இருந்த காலத்திலும் அன்றைக்கு விடுப்பு எடுத்துவிடுவேன். மேல்மாவு விரியாமல், தடிக்காமல் செய்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "இவ்வளவுதானே, நான் பண்ணித் தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

உதவி செய்யும் எண்ணத்தில் மட்டும் அப்படிச் சொன்னேன் என்றால் அது பொய். எனக்கும் அவளுக்கும் இடையில் பழைய கணக்கு ஒன்று இருந்தது. அவளுக்கு அது தெரியாது. என் மனசுக்குள் மட்டும் இருந்தது. எங்கள் மாமியார் கடைசி ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். வேலைக்கும் போய்க்கொண்டு அவரையும் பார்த்துக்கொண்டது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜப்பானிலிருந்து போன் வரும். "என்ன பிள்ளே செய்யுதே?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன்க்கா" என்பாள். பூத்துக் குலுங்கும் மரத்தடியில் நின்று எடுத்த படம் ஒன்றை அனுப்புவாள். சும்மா இருக்கக் கொடுத்துவைத்தவள் என்று மாமியாரும் சொல்வார், நானும் நினைத்துக்கொள்வேன். மாமியார் இறந்தபோது கொழுந்தனார் மட்டும் வந்தார். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவள் நாலாம் நாள் திரும்பிப் போய்விட்டாள். உடம்பு சரியில்லாதவள் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது உள்ளேயே கிடந்து தடித்துப்போயிற்று.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முன்னால் என் கைத்திறமையைக் காட்ட ஆசைப்பட்டேன். இடியாப்ப மாவை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் சீனி போட்டுக் கிளறினேன். வன்பயறை அவள் வேகவைத்து மசித்து, சீனி சேர்த்துச் சுருளச் சுருள வதக்கி வைத்திருந்தாள். ஜப்பானில் போடுகிற சிவப்புப் பயறுக்கு நம்முடைய வன்பயறு மிக அருகில் வரும் என்றாள். நான் மாவைத் தட்டி, பூரணத்தை வைத்து, உருட்டி அவித்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

என் கணவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தானே இருக்கு? கொழுக்கட்டைதானே?" என்றார்.

அவள் இன்னொன்றை எடுத்துத் தின்றாள். அவள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை மறைக்க அவள் பட்ட பாடு, வெடித்த மாவைவிட எனக்கு மோசமாக இருந்தது.

அடுத்த வாரம் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு மாவைக் கலந்து பார்த்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. கடித்தால் சைக்கிள் டியூப்பைக் கடிப்பது போல இருந்தது. அப்போதுதான் அவள், "அரிசிதான் வேறக்கா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அங்கே அதற்கென்று பசை மிகுந்த அரிசி ஒன்று இருக்கிறதாம். வேகவைத்தால் ஒரு பருக்கையிலிருந்து இன்னொரு பருக்கையைப் பிரிக்க முடியாதாம்.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க அவ்வளவு ஆசையா செய்தியளே" என்றாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் கிளம்பினோம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு சாலைக் கடைத்தெருவுக்குள் நடந்தோம். மூன்று கடைகளில் கேட்டோம். நாலாவது கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்களுக்குப் பழக்கமானவர். நான் கேட்டதும் தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஒட்டாத அரிசி வேணும்னு சண்டை போடுத ஆளுகளைப் பாத்திருக்கேன். ஒட்டுத அரிசி வேணும்னு வாறது நீங்கதான் ஆத்யம்."

பிறகு எதையோ யோசித்து, "நில்லுங்க. அசாம்காரப் பய ரெண்டு பேரு போன மாசம் இங்க அரிசி வாங்கிட்டுப் போயி, இது ஒட்டலைன்னு திருப்பித் தந்தானுவ. அவனுகளுக்குன்னு விழிஞ்ஞம் போற வழியில ஒரு கடை உண்டு. போர்ட் பணிக்கு வந்தவனுவ எல்லாம் அங்கதான் சாமான் வாங்குதது. அங்க போயி கேட்டு நோக்குங்க" என்றார்.

கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறினோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊரில் எந்தக் கடை எங்கே என்றுகூட மறந்துவிட்டது என்றாள். மாடியிலேயே ஏன் அடைந்து கிடக்கிறாய் என்று கேட்டேன். "எங்க போனாலும் ஜப்பான்ல எப்படி, ஜப்பான்ல எப்படின்னு கேக்காங்க. எதைச் சொல்லன்னு தெரியலைக்கா" என்றாள். அவள் பெருமை பிடித்தவள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி.

கடை தகரக் கூரை போட்ட சின்ன இடம். கடுகு எண்ணெய் வாசனை தூக்கலாக அடித்தது. உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் மலையாளமும் அவளுடைய மலையாளமும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. என்ன கேட்கிறோம் என்று புரிந்ததும் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தூக்குப் பாத்திரம். அவளுடைய மதியச் சாப்பாடு. அதிலிருந்து சோற்றைக் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு நடுவே அழுத்தி விரித்துக் காட்டினாள். நூல் போல இழுபட்டது.

"ஒட்டும் சேச்சி. நல்லோணம் ஒட்டும்."

என் பக்கத்தில் நின்றவள் அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோ வாங்கினோம். எங்கள் ஊரிலும் இதை இடித்துப் பலகாரம் செய்வோம் என்று அந்தப் பெண் சொன்னாள். செய்து முடித்தால் கொண்டுவந்து தருகிறோம் என்றோம். அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து அரிசியை ஊறவைத்தோம். மறுநாள் காலை கிரைண்டரில் வெண்ணெய் போல அரைத்து, துணியில் கட்டி, தண்ணீர் வடிய அதன்மேல் அம்மிக் குழவியை வைத்தோம். மத்தியானம் அவள் மாவில் சீனி சேர்த்துப் பிசைந்து ஈரத் துணியில் பரப்பி அவித்தாள். வெந்த மாவை ஒரு உருளியில் கொட்டி, பருப்பு மத்தால் இடித்தாள். நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். இடிக்க இடிக்க மாவு பளபளத்து, மத்தோடு எழுந்து எழுந்து வந்தது.

சோள மாவு தூவிய தாம்பாளத்தில் அதைக் கவிழ்த்தாள். நான் ஒரு துண்டு எடுக்கப் போனேன். சூடு சுரீரென்றது, மாவு என் ஐந்து விரலிலும் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பூரண உருண்டை ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்தது. இருபத்தைந்து வருஷக் கொழுக்கட்டை அனுபவம் அங்கே செல்லவில்லை.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். இடது கையால் மாவைப் பிதுக்கிக் கிள்ளுகிறாள். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டுகிறாள். பூரண உருண்டை அதன் நடுவில் விழுகிறது. விரல்கள் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மூடுகின்றன. ஒரு திருகு; தாம்பாளத்தில் உட்கார்ந்துவிட்டது. நான் ஒன்றோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அவள் எட்டு வைத்திருந்தாள். எட்டும் ஒரே அளவு. கையைப் பார்க்கக்கூட இல்லை. வீட்டில் ஆசைக்குச் செய்கிறவர்களின் கை அப்படி ஓடாது.

"எங்க படிச்சே இதை?"

"கடையிலக்கா."

"கடையிலயா? கிளாஸ் மாதிரி எடுப்பாங்களோ?"

அவள் கை நிற்கவில்லை. "இல்லக்கா. வேலை பாத்தேன். ஏழு வருஷம்."

அவள் இன்னும் இரண்டு உருண்டைகளை மூடிவிட்டு, தாம்பாளத்தைப் பார்த்தபடியே சொன்னாள். ஜப்பானுக்குப் போய்ச் சில வருஷங்களில் கொழுந்தனாரின் கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு வருஷம் வேறு வேலை அமையவில்லை. அம்மா படுக்கையில் கிடக்கும்போது இதைச் சொல்லக் கூடாது என்று அவர் கண்டிப்பாக இருந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய இனிப்புக் கடை. அங்கே விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நிற்பாளாம். முதல் வருஷம் பயறு கழுவும் வேலை மட்டும்தான். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரில் கை மரத்துப்போய், வீட்டுக்கு வந்து சாவியைப் பிடிக்க முடியாதாம். பிறகு பூரணம் உருட்டும் வேலை. அதன்பிறகு மாவு மூடும் வேலை. கொழுந்தனாருக்கு வேலை கிடைத்த பிறகும் அவள் விடவில்லை.

"அப்போ ஞாயித்துக்கெழமை போன்ல சும்மா இருக்கேன்னு சொன்னது?"

"அன்னைக்கு மட்டும்தான்க்கா கடை லீவு. அன்னைக்குச் சும்மாதான் இருப்பேன்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கேட்காததை அப்போது கேட்டேன்.

"அத்தை போனப்போ நீ வரலையே."

அவள் கை முதல் முறையாக நின்றது. "அங்க வருஷப் பிறப்பு சமயம்க்கா. எல்லா வீட்டுக்கும் மோச்சி வேணும். லீவு கேட்டேன். முடிச்சிட்டுப் போன்னுட்டாங்க. மீறி வந்தா வேலை போயிரும். இவருக்கும் அப்ப வேலை இல்ல. உடம்பு சரியில்லைன்னு நான்தான் சொல்லச் சொன்னேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"எந்த முகத்தோட சொல்ல? நீங்க இங்க அத்தையைத் தூக்கி உக்கார வச்சுக்கிட்டு, ஆபீசுக்கும் ஓடிக்கிட்டு இருந்திய. நான் பயறு கழுவுதேன்னு உங்ககிட்ட அழவா?"

நான் அவளைப் பற்றி என்ன நினைத்திருந்தேன் என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. பாதி சொன்னேன். உன்மேல் வருத்தமாக இருந்தேன் என்றேன். "தெரியும்க்கா" என்றாள். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்த விஷயம். கண்ணைத் துடைக்கப் போனேன், கையெல்லாம் மாவு. "இருங்க, இருங்க" என்று அவள் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

மாவு ஆறினால் மூட வராது என்று மறுபடி வேலையில் இறங்கினாள். கையில் தண்ணீர் தொடாமல் சோள மாவை மட்டும் தொட்டுக்கொள்ளச் சொன்னாள். என்னுடையதில் கடைசி ஐந்து ஓரளவு தேறின. மொத்தம் முப்பத்தொன்று.

பால் விடாத கட்டன் சாயாவோடு தின்றோம். முதலில் மேலே ஒட்டியிருக்கும் மாவு உதட்டில் பவுடர் மாதிரி படுகிறது. பிறகு பல் உள்ளே போகிறது. மெத்தென்று, எதிர்ப்பே இல்லாமல். இழுத்தால் நீளுகிறது. பயறின் இனிப்பு நாம் செய்கிற எதையும்விடக் குறைவு. என் கணவர் இரண்டு தின்றுவிட்டு, "இது கொழுக்கட்டை இல்ல கேட்டியா" என்று தீர்ப்புச் சொன்னார். கொழுந்தனார் மாடியிலிருந்து வந்து, உட்காராமலே தாம்பாளத்தைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். "கடையில உள்ளதைவிட சீனி ஒரு பொடி கூடுதல்" என்றார். அவள் தலையசைத்தாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது செய்தோம். பலாப்பழக் காலத்தில் வெல்லம் சேர்த்துச் சுருள வதக்கிய பலாப்பழத்தை உள்ளே வைத்தோம். அது என்னுடைய யோசனை. கடைக்காரியிடம் அரிசி வாங்கப் போகும்போதெல்லாம் அவளுக்கென்று மோச்சி எடுத்துக்கொண்டுதான் போவோம். திரும்பும் வழியில் கடற்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவோம்.

ஆவணியில் என் நாத்தனார் நாகர்கோவிலிலிருந்து வந்தார். கணவருக்கு மூத்தவர், வாயில் வடிகட்டி கிடையாது. மோச்சியை வைத்தோம். ஒன்றைத் தின்று முடித்து இரண்டாவதை எடுக்கும்போது அவளைப் பார்த்து, "எங்க படிச்சே இதை?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "யூடியூப்ல பாத்தது மைனி."

"இல்ல மைனி" என்றாள் அவள். "அங்க ஒரு கடையில வேலை பாத்தேன். ஏழு வருஷம்."

நாத்தனார் சின்னத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லவே இல்லையேடா?"

கொழுந்தனார் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு வருஷம் வேலை இல்லக்கா. அவதான் வீட்டை நடத்தினா. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துது" என்றார்.

நாத்தனார் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்ததை மெல்ல மென்று முடித்தார். புடவையில் சிந்திய மாவைத் தட்டினார்.

"ஏழு வருஷமும் நின்னுக்கிட்டேயா வேலை?"

"ஆமா மைனி."

"காலு?"

"வலிக்கும். இப்பவும் முட்டு வலி உண்டு."

"பின்னே சொல்லாம இருக்கியே பிள்ளே. எங்க பக்கத்துல ஒரு வைத்தியர் தைலம் காச்சுதாரு. நாலு நாள் தேச்சா கேக்கும்."

அவ்வளவுதான். பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஆறு மோச்சியை டப்பாவில் வைத்துக் கொடுத்தோம். நாளைக்கு இறுகிப்போய்விடும், இன்றைக்கே தின்றுவிட வேண்டும் என்று சொன்னோம். பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டதாக அன்று சாயங்காலம் போன் செய்தார். அடுத்த மாதம் வந்தபோது பையில் தைலக் குப்பிகள். மூன்று அவளுக்கு, ஒன்று எனக்கு.