சுவரில் அந்தக் கருப்பு

எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில் ஒரு கருப்புக் கறை இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிறேன். பத்து நாளில் மறுபடி தெரிய ஆரம்பித்துவிடும். ஏழு வயதுப் பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் தலை எங்கே இருக்குமோ, சரியாக அந்த உயரம். அதைப் பார்க்கும்போதெல்லாம் குரும்பலூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த அக்காவின் நினைவு வரும்.

எங்கள் டிரெய்லர் கரும்பு வெட்டும் மாதங்களில்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் அந்தச் சுவரோரம் வெயிலில் நிற்கும். ஆயுத பூசைக்கு எல்லாரையும் போல நானும் டயர்களுக்குக் கருப்பு பெயிண்ட் அடித்துப் பொட்டு வைப்பேன். ரோட்டில் படும் பட்டன்கள் தேயாமல் டயர்கள் புதுசு போலத்தான் இருந்தன. ஏழு வயது மகளுக்குக் காதுகுத்து வந்தது. அரும்பாவூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குச் சொந்தபந்தம் முப்பது பேரை அதில்தான் ஏற்றிப் போவதாக முடிவு செய்தேன். இரண்டு நாள் முன்னால் காற்றடிக்கப் போனேன்.

அக்கா ஸ்பேனரால் ஒவ்வொரு டயராகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு டயரில் சத்தம் மொத்தென்று விழுந்தது. பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. இன்னும் சுரண்டியதும் நான்கு எண்கள் தெரிந்தன. முதல் இரண்டு, செய்த வாரம். அடுத்த இரண்டு, வருஷம்.

"உங்க பாப்பா பொறந்த வருஷமே செஞ்சது, அவளுக்கு அண்ணன் தம்பி இந்த டயரு. ஓடாட்டியும் நின்ன எடத்துலயே வயசாயிடும். இதுல ஆளை ஏத்தாதீங்க. நான் காத்து அடிக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம். வேறு கடையில் கல்லு மாதிரி காற்றடித்துக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தினேன்.

மறுநாள் உச்சி வெயில். டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவே சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்த மகள் உள்ளே வந்தாள்.

"அப்பா, டயருக்கு உள்ளேர்ந்து யாரோ தட்டுறாங்க."

"ஒண்ணுமில்ல, போய் வெளையாடு" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். அவள் போகவில்லை, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நிமிடம் வீடே அதிர்ந்தது. வெளியே ஓடினேன். தொடக்கூட ஆளில்லாமல் நின்ற வண்டியில் டயர் கிழிந்து தொங்கியது. சொப்புகள் இருந்த இடம் தெரியவில்லை. சுவரில் அந்தக் கருப்பு.

சாயங்காலம் நான் போய்க் கூப்பிட, அக்கா வந்து எல்லா டயரையும் மாற்றினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவரைப் பார்த்து, "இந்த ஒசரத்துல யாரு தம்பி உக்காருவா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்ப் பல வருஷமாகிறது. நான் இப்போது டயருக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை. பூசையன்று அந்த நான்கு எண்களைத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொட்டு வைக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு மகளே பிரஷ்ஷை எடுத்தாள். காலேஜ் போகிற பெண். அந்தக் கறை அவள் இடுப்புக்குக்கூட எட்டவில்லை.

"இதைச் சுரண்டிட்டு அடிக்கட்டுமாப்பா?"

வேண்டாம் என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், அந்தக் கறைமேல் கை வைத்தேன். வெயிலில் சுவர் சுட்டது, காய்ச்சல் கண்ட பிள்ளையின் தலையைப் போல.