உச்சந்தலையில் மூன்று தையல்

நீதிமன்றக் கட்டளை வந்து, பிள்ளையை என் கையில் தந்த நாளில் என் குறிப்புப் புத்தகத்துப் பட்டியலில் நான்கு வரிகள்தான் மிஞ்சியிருந்தன. பிள்ளையின் விசா. என் விசா முடியும் திகதி. விமானச் சீட்டு. கடைசியாக, ‘வீடு’. அந்தக் கடைசி வரியை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அதற்கு எந்தக் கந்தோரிலும் முத்திரை குத்துவதில்லை.

நான் கனடாவில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துப் பதிவு செய்வது என் பொறுப்பு. கருவி காட்டியதைத்தான் எழுத வேண்டும். காட்டியிருக்க வேண்டியதை எழுதக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே அது கைப்பழக்கமாகிவிட்டது. பிறந்த ஊரான நாரந்தனையிலிருந்து பத்து வயதில் புறப்பட்ட எனக்கு, இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு தத்தெடுப்புக் கோப்பு ‘வெளிநாட்டு விண்ணப்பதாரர்’ என்று பெயர் வைத்திருந்தது. அதுவும் கருவி காட்டியதுதான் என்று ஏற்றுக்கொண்டேன்.

வழக்குக்கு வந்திருந்த கணவர் லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார். நான் என் ஊருக்குப் பக்கத்துக் கரம்பொன்னில், கடற்தொழில் செய்யும் ஒரு வேதக்கார, அதாவது கத்தோலிக்க, குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்து, பிள்ளையின் கனடா விசாவுக்காகக் காத்திருந்தேன். நாட்டில் தங்குவதற்கான என் விசாவை ஒருமுறை நீடித்தாயிற்று. இன்னொரு முறை ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். மாத முடிவுக்குள் பிள்ளையின் விசா வராவிட்டால் நான் தனியே விமானம் ஏற வேண்டும். நான் மறுபடி வரும்வரை அவள் வளர்ந்த சிறுவர் இல்லத்துக்குத் திரும்ப வேண்டும். நான்கு வயது. ஒரு பையோடு என்னிடம் வந்தவள், அந்தப் பையை இன்னும் கட்டிலடியில் பூட்டியபடியே வைத்திருந்தாள்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் ஒன்றோடொன்று கரைந்தே தெரிகின்றன. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று விடியலில் தொடங்கி மாலைவரை ஒரே பக்கமாக வீசும். பனைகளின் சத்தம் மழை பெய்வதுபோலக் கேட்கும். வெளியே வந்தால் வெயில் நிற்கும். கடல் அங்கே கடலைப்போலவே இருக்காது. முழங்காலளவு நீர் வெகுதூரம் வரை அசையாமல் கிடக்கும். அதற்குள் வலையோடு நடந்துபோகும் மனிதர்கள், பார்த்துக்கொண்டே இருக்கும்போது, வானத்துக்குள் நடந்து போவார்கள். மதியச் சோற்றுக்குப் பிறகு நானும் பிள்ளையும் பாயில் படுப்போம். விழிக்கும்போது காலையா மாலையா என்று கொஞ்ச நேரம் தெரியாது. யார் யாரைத் தூங்க வைத்தோம் என்பதும் தெரியாது.

பின்னேரங்களில் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போவோம். அங்கிருந்து காரைநகருக்குப் ‘பாதை’ ஓடும். மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கால்வாயைக் கடக்கும் ஒரு மிதக்கும் மேடை அது. எங்களுக்கு அக்கரையில் எந்த அலுவலும் இல்லை. போய், இறங்காமல் நின்று, திரும்பி வருவோம். நடுவில் இரண்டு கரைகளும் ஒரே தூரத்தில் நிற்கும் ஓர் இடம் உண்டு. அங்கே வரும்போதெல்லாம் என் மனதிலிருந்த பட்டியல் அடங்கிப் போகும்.

பிள்ளை குறைவாகத்தான் பேசுவாள். பேசினால் கேள்விதான், அதுவும் ‘இது யாருடையது’ என்ற ஒரே கேள்வி.

“இந்தக் கதிரை ஆற்றை?”

“வீட்டுக்கார அக்காவின்ர.”

“இந்த அலுமாரி?”

“அதுவும் அக்காவின்ர.”

“இந்தக் கடல் ஆற்றை?”

“ஒருத்தற்றையும் இல்லை.”

கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நனைஞ்சா ஆர் ஏசுவினம்?”

எல்லாப் பொருளும் எல்லாருக்குமாக இருந்த ஓரிடத்திலிருந்து வந்தவள். உரியவர் யார் என்று அறியாமல் எதையும் தொடமாட்டாள்.

இதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். வழக்கு இரண்டாவது தடவை தள்ளிப்போன அன்று மனம் ஒரு நிலையில் இல்லாமல் நயினாதீவுக்குப் படகேறினேன். அம்மன் சந்நிதியில் நின்றபோது, யாரும் கேட்காமலே, ‘தீர்ப்பு வந்தால் இவளின் முடி உனக்கு’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன். கும்பிடுவதுகூட எனக்கு ஒழுங்காக வராது. வெட்கத்தில் அதைப் பட்டியலில் எழுதவில்லை.

பிள்ளை வந்த மூன்றாம் நாள் கொழும்புக்குப் போய்க் கடவுச்சீட்டுப் படம் எடுத்து, தூதரகம் குறிப்பிட்ட வைத்தியரிடம் காட்டி, படிவங்களை அனுப்பிவிட்டுத் திரும்பினோம். பிறகுதான் நேர்த்திக்கடனைப் பற்றி வீட்டுக்கார அக்காவிடம் வாய் தவறிச் சொன்னேன். குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தினார்.

“நேர்ந்துபோட்டு வைச்சிருக்கிறீரே? உதைப் பிந்தவிட்டுச் சுணக்கக் கூடாது, தங்கச்சி. அம்மன் கேப்பா.”

“நீங்கள் வேதக்காரர் எல்லோ, அக்கா?”

“அதுக்கு? அந்தோனியார் எண்டாலும் கேப்பார்தானே. அவர் கொஞ்சம் பொறுத்துக் கேப்பார். உங்கட ஆள் பொறுக்க மாட்டா.”

அடுத்த வெள்ளி மூவருமாக நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் படகேறினோம். பிள்ளைக்குச் சுருள் சுருளான அடர்ந்த முடி. காற்றில் முகம் முழுவதையும் மறைத்தது. கோயிலடியில் முடி இறக்குபவர் அவளைத் தன் முன்னால் இருத்தி, தண்ணீர் தடவி, “என்ர குஞ்செல்லே, ஆடாமல் இருக்கோணும்” என்று சொல்லித் தொடங்கினார். அவள் ஆடவில்லை. அழவும் இல்லை. என் சட்டை நுனியை மட்டும் பிடித்திருந்தாள். பாதித் தலையில் அவர் கை நின்றது.

“தங்கச்சி, உச்சியில ஒரு தழும்பு கிடக்கு. எப்ப விழுந்தவ?”

“எனக்குத் தெரியாது.”

“தாய்க்குத் தெரியாதோ?”

“அண்ணை, நீங்கள் சிரையுங்கோ. கதை பிறகு கதைக்கலாம்” என்றார் அக்கா.

அவர் கோபிக்கவில்லை. கத்தியைத் திருப்பிப் பிடித்து அந்த இடத்தை மிக மெதுவாகச் சுற்றி வழித்தார். முடிந்ததும் விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டு சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு வெளிறிய கோடு. இரு பக்கமும் மூன்று மூன்று புள்ளிகள்.

“மூண்டு தையல். பச்சைப் பிள்ளையா இருக்கேக்க போட்டது. வடிவா ஒட்டியிருக்கு. ஆரோ உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கினம். சுணங்கியிருந்தா இப்பிடி ஒட்டாது.”

சந்தனம் பூசினார். கோடு மறைந்தது.

திரும்பும் படகில் அக்கா பிள்ளையின் தலையைத் தடவி, “இப்ப எயாப்போட்டில நிப்பாட்டி இது ஆற்றை பிள்ளை எண்டு கேக்கப்போறாங்கள்” என்று சிரித்தார். அப்போதுதான் என் பட்டியலில் ‘பிள்ளையின் விசா’ என்பதன் அடியில் எழுதியிருந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. ‘படம் எடுத்த பிறகு பயணம்வரை பிள்ளையின் தோற்றத்தை மாற்றக் கூடாது.’ என் கையெழுத்து. கீழே கோடும் போட்டிருந்தேன். ஒரு நேர்த்தியை நிறைவேற்றும் அவசரத்தில் அந்த வரியை எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளக்கம் இல்லை.

ஆனால் அன்று முழுவதும் என்னை அலைத்தது படமல்ல. வைத்தியப் படிவத்தில், ‘உடலில் தழும்புகள், அடையாளங்கள்’ என்ற இடத்தில், ‘இல்லை’ என்று இருந்தது. அந்த அடர்ந்த முடிக்குள் வைத்தியருக்கு அது தெரிந்திருக்காது. இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பதினொரு மாதத்தில் அவள் அங்கே வந்தபோதே தலை நிறைய முடி இருந்ததென்றும், பதிவில் ஒன்றும் இல்லையென்றும் சொன்னார்கள். அந்தப் பதினொரு மாதங்களைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு வரி கிடையாது. பிள்ளையின் தலையில் மட்டும் ஒரு வரி இருந்தது.

“எழுதி அனுப்பப் போறன், அக்கா.”

“விசரே உமக்கு? முடி வளர்ந்தா ஆர் கிளறிப் பாக்கப்போகினம்? ரெண்டு கிழமை தொப்பியைப் போட்டுவிடும்.”

“முடி வளரும். படிவத்தில ‘இல்லை’ எண்டு கிடக்குமே.”

“கிடக்கட்டன்! படிவமே வந்து உம்மோட சோறு தின்னப்போகுது? விசா முடியப்போகுது எண்டு நாள் எண்ணுறதும் நீர்தான். இப்ப நீரே போய்க் கதவைச் சாத்துறீர்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. எழுதினால் மறுபரிசோதனை கேட்பார்கள், நாட்கள் போகும். என் கையில் இருந்தவை பத்தொன்பது நாட்கள். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது.

காலையில் கணவரை அழைத்தேன். அங்கே முந்தைய நாளின் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது.

“இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லோணும்.” எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

“எழுதாட்டி?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“உமக்குத் தெரியுமே.”

“ஓம்.”

“பிறகு அவள் வளர்ந்து கேட்டாலும் உம்மட்டைத்தான் கேப்பாள். எழுதும்.” பெருமூச்சொன்று கேட்டது. “அவளின்ர கட்டிலைப் பொருத்திப் பூட்டி முடிச்சிட்டன். ஒரு ஆணி மட்டும் மிச்சமாக் கிடக்கு.”

“மிஞ்சக் கூடாது. கழட்டித் திருப்பிப் பூட்டுங்கோ.”

“எனக்குத் தெரியும், நீர் உதைத்தான் சொல்லுவீர்.”

தழும்பைப் படமெடுத்து, அளவோடு தூதரகத்துக்கு எழுதி அனுப்பினேன். அதற்கான படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு இடம் இருந்தது. என் வேலையில் நான் ஒருபோதும் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டதில்லை. ‘தெரியாது’ என்று எழுத வெகுநேரம் பிடித்தது.

ஆறு நாட்கள் பதில் இல்லை. காற்று வீசிக்கொண்டே இருந்தது. நாங்கள் பாதையில் போய் வந்தோம். அக்காவின் கணவர், வீட்டுக்கார அண்ணை, தன் பழைய தொப்பியைப் பிள்ளைக்குக் கொடுத்தார். அது அவள் கண்களையும் மூடிவிட, தொப்பிக்குள் இருந்தபடி உலகத்தைக் கேட்டுக்கொண்டு நடந்தாள். அக்கா என்னோடு அளவாகப் பேசினார். ஆனால் காலையில் தேவாலயப் பூசைக்குப் போய்வரும்போது மெழுகுதிரி மணம் அவரோடு வரும். யாருக்காகக் கொளுத்தினார் என்று நான் கேட்கவில்லை.

பாயில் படுத்திருக்கும்போது, அரைத்தூக்கத்தில், அந்த மூன்று தையல்களின் அறை எனக்குத் தெரியத் தொடங்கியது. ஒரு மேசை. வெளிச்சம். யாரோ ஊசியில் நூல் கோக்கிறார்கள். யாரோ பிள்ளையின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்திருக்கிறார்கள். வாசலில் செருப்பில்லாமல் ஒருவர் நிற்கிறார், மூச்சிரைக்கிறது. முகங்கள் தெரியவில்லை. அதுவரை அவளுடைய முதல் பதினொரு மாதங்களை நான் ஒரு வெற்றிடமாகவே வைத்திருந்தேன். அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவளுக்காக ஓடியிருக்கிறார்கள். எழுந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்: தூக்கிக்கொண்டு ஓடியவர். தலையைப் பிடித்தவர். தைத்தவர். சரி அடையாளம் போட முடியாத மூன்று வரிகள். ‘வீடு’ என்ற வரிக்கு மேலே அவற்றுக்கு இடம் இருந்தது.

ஏழாம் நாள் பதில் வந்தது: பிள்ளையையும் புதிய படத்தையும் கொண்டு வாருங்கள். கொழும்பில் அதே வைத்தியர் தலையைத் தடவிப் பார்த்து, வெளிச்சம் அடித்துப் பார்த்து, நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஒரு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டியிருந்தது. “பயப்பட ஒன்றுமில்லை. நன்றாகத் தைத்திருக்கிறார்கள்” என்றார். ‘இல்லை’ என்ற சொல்லை வெட்டி, புதிதாக எழுதி, பக்கத்தில் தாயின் கையெழுத்தைக் கேட்டார். நான் இட்டேன். திகதியையும் எழுதி, பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புதிய படத்தில் அவளுக்கு நெல்மணி அளவு முடி. கண்களை அகல விழித்துக்கொண்டிருக்கிறாள்.

விசா வந்தபோது என் கையில் நான்கு நாட்கள் மிச்சம் இருந்தன. அக்காவிடம் சொன்னேன். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உம்மட நேர்மை ஒண்டுமில்லை, அந்தோனியார்தான்” என்றார்.

“அப்ப அவருக்கும் முடி இறக்கோணுமே?”

“உம்மட முடியைக் குடும்! பிள்ளையின்ர தலையை இனி விடும்.”

கடைசிப் பின்னேரம் ஒருமுறை பாதையில் போனோம். நடுக் கால்வாயில், காற்று தொப்பியை இழுத்துவிடுமென்று அதைக் கழற்றி என்னிடம் தந்தாள். பிறகு தன் உச்சியில் விரலை வைத்தாள். வைத்தியர் தொட்ட இடம், முடி இறக்கியவர் தொட்ட இடம், நான் நாள்தோறும் எண்ணெய் வைக்கும்போது ஒரு கணம் நின்றுபோகும் இடம். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

“இது ஆற்றை?”

“உன்ர.”

“ஆர் தந்தது?”

“எனக்குத் தெரியாது, குஞ்சு. ஆரோ உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கினம்.”

அவள் இரண்டு கரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள், அவர்கள் எந்தப் பக்கம் ஓடியிருப்பார்கள் என்று தேடுவதுபோல. வீடு திரும்பியதும் கட்டிலடியிலிருந்து தன் பையை இழுத்தெடுத்துத் திறந்து, அண்ணையின் தொப்பியை மடித்து உள்ளே வைத்தாள். அது ஆற்றை என்று கேட்கவில்லை.