பென்சில் டப்பாவில் இலந்தைப்பழம்

தொண்ணூறுகளில் என் கணவருக்கு மாற்றலாகி நாங்கள் கல்கத்தா வந்த புதிது. லேக் கார்டன்ஸ் பக்கம் ஒரு பள்ளியில், பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பு. என் அரைகுறை பெங்காலியைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஜனவரி கடைசியில் ஒரு நாள், டிக்டேஷனைத் தப்பில்லாமல் எழுதியவர்களுக்கு லேக் மார்க்கெட்டில் வாங்கிய இலந்தைப்பழம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்களே தவிர ஒருத்தரும் வாயில் போடவில்லை. ஒருவரையொருவர் பார்த்துவிட்டு பென்சில் டப்பாவுக்குள் வைத்து மூடினார்கள்.

"ஏன், நான் கொடுத்தா சாப்பிட மாட்டீங்களா?" என்று கத்தினேன். நன்றாக எழுதிய அந்தப் பிள்ளைகளையே மணி அடிக்கும்வரை நிற்க வைத்தேன். யாரும் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் பள்ளியில் சரஸ்வதி பூஜை. நமக்கு அது நவராத்திரியில். அங்கே தை மாதத்தில். பூஜை முடிந்ததும், சரஸ்வதியின் காலடியில் வைத்திருந்த டப்பாக்களைத் திறந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பழமெல்லாம் சுருங்கிப் போயிருந்தது.

"இப்ப சாப்பிடலாம் மிஸ். பூஜைக்கு முன்னாடி இதைத் தின்னா படிப்பு வராது," என்றாள் மௌமிதா.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

என் எதிரிலேயே கொட்டைவரை சப்பித் தின்றார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகள் எடுத்துவிட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பிள்ளைகள் நின்றால், முதலில் உட்காரச் சொல்கிறேன்.