அந்தப் பாட்டுக்கு மட்டும் நான் வாசிப்பதில்லை

எங்கள் குழுவின் பாடகிக்கும் எனக்கும் முதல் ஒத்திகையிலேயே முட்டிக்கொண்டது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவள் ஆரணியில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று மேடை ஏறிக்கொண்டிருந்தவள். டோலக்கும் டிரம்ஸும் வாசித்தவர்கள் சென்னைப் பக்கம் போய்விட, கீபோர்டு வாசிக்கும் குழுத் தலைவர் அவர்கள் இடத்துக்கு என்னைக் கூட்டிவந்தார். இரண்டு ஆள் வேலைக்கு ஒரு பெண்ணும் ஒரு பெட்டியும்.

பெட்டி என்று சொன்னது என் கருவியை. மேலே வரிசையாக ரப்பர் பேட்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சத்தத்தை ஏற்றி வைக்கலாம்: டோலக், தபேலா, பம்பை, கைதட்டல். விரலால் தட்டினால் அது பேசும். ஒரு பாட்டுக்கான தாளம் முழுவதையும் வீட்டிலேயே கோத்து வைத்துக்கொண்டு வரவும் முடியும். அதைச் சீக்வென்ஸ் என்போம். மேடையில் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் போதும், பாட்டு முடியும்வரை ஓடும். யாருக்காகவும் நிற்காது.

பாடகிக்கு நிற்கிற தாளம்தான் பழக்கம். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் பிடித்து ஆசைதீர இழுப்பாள். பழைய டோலக்காரர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே கையைத் தாமதப்படுத்துவாராம். என் பெட்டிக்குக் கண் இல்லை. அவள் முதல் வரியை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டாவது வரிக்குள் போய்விட்டது.

"இது இன்னா ரைஸ் மில்லா? சுவிட்ச்சைப் போட்டா அதுபாட்டுக்கு ஓடிகினே கீது!" என்றாள். தலைவரும் கிடார்காரரும் சிரித்தார்கள்.

"மிஷின் கரெக்டாதான் ஓடுதுக்கா. நீங்கதான் பின்னாடி வர்றீங்க" என்றேன்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு நான் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

அவள் என்னைப் பழிவாங்கியது மைக்கில். தாளத்தை விட்டு அவள் நழுவும்போதெல்லாம் பாட்டு முடிந்ததும் சபையைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிச்சுக்குங்க, மிஷின்ல கோளாறு" என்பாள். சபையும் பெரிய மனதோடு மன்னித்துவிடும். சின்ன ஊர். மறுநாள் டீக்கடையில் விசாரிப்பார்கள், மிஷின் ரிப்பேர் பண்ணியாச்சா என்று. பட்டுக் கடையில் என் அம்மாவிடமே ஒருத்தி கேட்டிருக்கிறாள், "உம் பொண்ணு அத்த சரியாக் கத்துக்கலியா?" அம்மா அதை அப்படியே வந்து என்னிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தலைவரிடம் போய் நின்றேன்.

"அவங்கள தாளத்துல பாடச் சொல்லுங்கண்ணா."

"அவங்க குரலுக்குத்தாம்மா ஊரு நம்மளக் கூப்புடுது. நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன். அது என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கோத்து வைத்திருந்த ஒவ்வொரு பாட்டையும் துண்டு துண்டாக வெட்டினேன். பல்லவிக்கு ஒரு பேட், சரணத்துக்கு ஒரு பேட், அவள் இழுக்கும் இடத்தை நிரப்ப, நிறுத்தும்வரை ஓடும் ஒரு சின்னத் தாளச் சுற்று. மேடையில் அவள் உதட்டைப் பார்த்து, மூச்சு எடுக்கிறாளா என்று பார்த்து, அடுத்த துண்டைத் தட்டுவேன். பகலெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதே வேலை. எனக்குப் பிடிக்காத ஒருத்தி எங்கே எச்சில் விழுங்குவாள் என்பதுவரை மனப்பாடம் ஆனது.

பாட்டுகள் சரியாக உட்கார்ந்தன. அவள் எல்லாரிடமும், "இப்பதான் அந்த மிஷினு என் வழிக்கு வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அடுத்து ஒரு பட்டு வியாபாரி வீட்டு ரிசப்ஷன். பெரிய மண்டபம், சாயங்காலமே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பாதிப் பேர் எங்களுக்குத் தெரிந்தவர்கள். முன்வரிசைக்குப் பின்னால் என் அம்மா இருந்தாள். பிறந்த வீட்டை விட்டுப் போகும் பெண் பாடுவதாக அமைந்த ஒரு பழைய பாட்டை மணப்பெண்ணின் சித்தி விரும்பிக் கேட்டாள். பாடகி ஆரம்பித்தாள். இரண்டாவது சரணத்தில் அவளுக்கு வரி மறந்துபோனது. நான் அதே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காத்திருந்தேன். யாருக்கும் தெரியாமல் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அவளோ பாட்டின் நடுவிலேயே மைக்கை நெருங்கி, "மன்னிச்சுக்குங்க, நம்ம பாப்பாவோட மிஷினு மறுபடியும் பேஜார் பண்ணுது" என்றாள்.

மண்டபம் சிரித்தது. நான் சுற்றை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினேன்.

தாளம் அறுந்ததும் தலைவர் பயந்துபோய் கீபோர்டிலிருந்து விரலை எடுத்தார். கிடாரும் நின்றது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. பாடு, பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒரே ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாள். வேண்டுமென்றே செய்தேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

பிறகு பாடினாள். மறந்த வரி எங்கிருந்தோ வந்தது. பின்தங்குவதற்குத் தாளமே இல்லாததால் அவள் எதற்கும் பின்தங்கவில்லை. வேண்டிய இடத்தில் இழுத்தாள், வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். நான் கோளாறு என்று வெட்டி ஒட்டி மறைத்த அத்தனை இழுப்பும் அந்தப் பாட்டில் அதனதன் இடத்தில் இருந்தது. ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு வந்தவர்கள் வழியிலேயே நின்றுவிட்டார்கள். மணப்பெண் அழுதாள். மேக்கப் போட்டவள் ஓடிவந்து டிஷ்யூவால் ஒற்றினாள். முடிந்ததும் மண்டபம் எழுந்து கைதட்டியது. என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அழுததைப் பொறுத்துக்கொண்டேன். அம்மா அழுததை மட்டும் பொறுக்க முடியவில்லை.

பந்தியில் இலைக்கு முன்னால் உட்காரப்போகும்போது பாடகி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாடி, நீ கைய எடுத்தா நான் படுத்துடுவேன்னு நெனச்சிகினியா?"

"ஆமா. அப்டிதான் நெனச்சேன்."

"இனிமே அந்தப் பாட்டுக்கு நீ கை வெக்காத. தெரிதா?"

"வெக்கல. ஆனா நீங்க மறந்ததுக்கு என் மிஷினச் சொல்லாதீங்க. இன்னொரு தபா மைக்குல சொன்னா, அத்தினி பாட்டுக்கும் கைய எடுத்துடுவேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். எதிர்ப் பந்திக்குப் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அதன் பிறகு எந்த மேடையிலும் மிஷினைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. நானும் மற்ற பாட்டுகளுக்கு ஒழுங்காக வாசிக்கிறேன். எங்களுக்குள் இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பாட்டு ஊரெல்லாம் பரவிவிட்டது. யாரோ செல்போனில் எடுத்து அனுப்ப, படவேடு கோயில் மேடையில்கூடக் கேட்டார்கள், "அந்த மியூசிக் இல்லாத பாட்டு." ஒவ்வொரு முறையும் அத்தனை பேர் முன்னால் வேலையில்லாமல் நிற்கவேண்டியவள் நான். அந்த நேரத்தில் கீழே இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார் தலைவர். மாட்டேன் என்றேன். நான் இறங்கிப் போவதைப் பார்க்க அவளுக்கு ஆசை. மேடையிலேயே கைகட்டி நின்று, எங்காவது தடுக்குகிறாளா என்று ஒவ்வொரு வரியாகக் கேட்கிறேன்.

போன மாதம் வெம்பாக்கம் பக்கம் ஒரு கல்யாணம். அவளுக்குக் கடுமையான சளி. அந்தப் பாட்டின் முதல் சரணத்திலேயே குரல் உடைந்தது. என் விரல் பழக்கத்தில் டோலக் பேட்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அவள் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விரலை எடுத்துக்கொண்டேன். இருமினாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள், விட்ட இடத்திலிருந்து எடுத்து மிச்சத்தைப் பாடி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.