காதுக்காரரின் மணிக்கட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு மழைக்காலத்தில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். தெருமுனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, லாரி இருக்கைகளுக்கு உறையும் சரக்கை மூடும் தார்ப்பாயும் தைத்துக்கொடுத்து வந்தாள் என் தங்கை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே சென்று அமர்ந்து விடைத்தாள் திருத்துவது வழக்கம். அன்று, குளவிக் கூட்டத்தைத் தகர டப்பாவில் அடைத்துக் குலுக்கியதைப் போன்ற ஒரு லாரியின் கூச்சல் தெருவை நிறைத்துவிட்டு ஓய்ந்தது. கிழிந்த இருக்கை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி ஒருவர் உள்ளே வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உங்க மிஷின்ல பெரிய சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு ரொம்ப நாளாச்சுங்க. வரும்போதே கேட்டுச்சு."

"அந்தப் பேய்க்கூச்சலுக்கு நடுவுல இது கேட்டுச்சா?" என்றாள் தங்கை.

"கூச்சல் வேற, சத்தம் வேறங்க."

அடுத்த ஆண்டு அவர்களுக்குத் திருமணம் நடந்தது. தையல் அறைக்குப் பின்னாலிருந்த வீட்டில் மூவருமாகக் குடியேறினோம். நான் திருமணம் செய்துகொள்ளாதவள். எனக்குத் தெருப்பக்கத்து அறையைக் கொடுத்தார்கள்.

நண்பர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் காதுக்காரர். சாலைத் திருப்பத்துக்கு அப்பால் வரும் லாரியின் ஒலியைக் கேட்டே, இன்ன எஞ்சின், இத்தனை நாளாகப் பிரித்துப் பார்க்கப்படாதது, ஓட்டுகிறவன் கோபத்தில் இருக்கிறான் என்பது வரை சொல்லிவிடுவார். அவருடைய லாரி நாங்கள் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டது. அதில் இரண்டு கியர்க் கம்பிகள் உண்டு. ஒன்றில் ஐந்து கியர், மற்றொன்றில் மூன்று. இக்காலத்து வண்டிகளில் இருப்பதைப் போல, கியர்ப் பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவைக்கும் அமைப்பு அதில் கிடையாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினின் குரல் இறங்கத் தொடங்கும். அது இறங்கிவரும் வழியில் ஒரே ஒரு கணத்தில் மட்டும் கம்பி வழுக்கிக்கொண்டு விழும். முந்தினாலும் பிந்தினாலும் பற்கள் நறநறவென்று கடித்துக்கொள்ளும். அந்தக் கணத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மீட்டர் அந்த வண்டியில் இல்லை. இருந்திருந்தாலும், மீட்டரைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு அவருடைய கூட்டத்தில் மதிப்பு இருந்திருக்காது.

கூட்டம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில், கைவிடப்பட்ட ஒரு சரக்குக் கொட்டகையில் பழைய லாரிப் பைத்தியங்கள் சிலர் கூடுவார்கள். டீசல் பம்பு பழுது பார்க்கும் மேஸ்திரியும் லேத்துப் பட்டறை வைத்திருந்த கடைசல்காரரும் அவர்களுள் முக்கியமானவர்கள். மேஸ்திரியிடம் நிதானமாக முனகும் பழைய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டிய லாரி இருந்தது. காதுக்காரருடையது இரண்டு ஸ்ட்ரோக். இருவருடைய நட்பும் அந்தச் சண்டையில்தான் உயிர் வாழ்ந்தது.

"யோவ் காது, உன் எஞ்சின் வேலை செய்யறதைவிடக் கத்தறதுதானய்யா ஜாஸ்தி," என்பார் மேஸ்திரி.

"உன் ஆளு ரெண்டு சுத்துக்கு ஒரு வாட்டி வேலை பாக்கறான். நம்மாளு ஒவ்வொரு சுத்துக்கும் பாக்கறான். உழைக்கறவன் கத்தத்தான் செய்வான்."

"உழைக்கறானா? அவனுக்கு முன்னே பின்னே தெரியாதேய்யா! மேட்டுல நின்னுபோயி வண்டி பின்னாடி உருண்டுச்சுன்னா, அப்படியே தலைகீழாப் பத்திக்கிட்டு ஓடுவான். முன்னாடி போற கியரைப் போட்டா வண்டி பின்னாடி போகும். இதெல்லாம் ஒரு எஞ்சினா?"

"அது காதில்லாதவனுக்குய்யா. தலைகீழா ஓடுனா, மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே பேசற மாதிரி இருக்கும். கேட்டவுடனே தெரிஞ்சிடும்."

"ரெண்டு கம்பி, ஒரு ஸ்டீயரிங். உனக்கு மூணாவது கை எங்கேய்யா?" என்று கேட்பார் கடைசல்காரர்.

"அதுக்குத்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டேன்!"

ஆண்டுக்கொருமுறை அவர்கள் கல் ஏற்றிய லாரிகளைக் குவாரி மேட்டில் ஏற்றிப் பார்ப்பார்கள். பற்கள் கடித்துக்கொள்ளும் ஒலி ஒருமுறை எழுந்தாலும் போதும். அந்த வண்டிக்காரர் தம் கியர்க் கம்பியின் குமிழைத் தாமே திருகிக் கழற்றிக் கொட்டகைத் தூணிலுள்ள ஆணியில் மாட்டிவிட வேண்டும். அடுத்த ஆண்டுவரை மொட்டைக் கம்பியைப் பிடித்துத்தான் ஓட்டவேண்டும். காதுக்காரரின் குமிழ் மட்டும் அந்த ஆணியைக் கண்டதே இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, தங்கை பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதவரானார். முதலில் நாங்கள் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். அப்புறம் ஒரு மாலை, தையல் இயந்திரத்தின் பட்டை அறுந்து தகரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே அமர்ந்து அமைதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றிருந்த தங்கை என்னைப் பார்த்தாள்.

மருத்துவரின் அறைக்கு நானும் சென்றேன். அவர் உரக்கவே சொன்னார்: "நரம்பு ரெண்டு பக்கமும் போயிடுச்சு. அந்த எஞ்சின் சத்தம்தான் காரணம். மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்திக்கணும்னா, இனிமே அந்த வண்டி பக்கமே போகாதீங்க."

"அதுகிட்டப் போகாம, மிச்சத்தை வெச்சிக்கிட்டு எதைக் கேக்கறது டாக்டர்?"

அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் தங்கையின் முந்தானை நுனியைப் பிடித்தபடியே நடந்தார். வீட்டுக்குள் வந்ததும் தரையில் அமர்ந்து, அடிபட்ட விலங்கைப் போல அழுதார். தம்முடைய அழுகை எவ்வளவு உரத்துக் கேட்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

"கூட்டத்துல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா மேட்டுல ஏத்த விடமாட்டாங்க கண்ணு. தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் அவ்வளவுதான்." தங்கையை அவர் கண்ணு என்றுதான் அழைப்பார்.

எதிரில் நின்றிருந்த அவள், அவருடைய முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு பிரிய மெதுவாகச் சொன்னாள்: "எனக்குக் காது நல்லாத்தானேங்க இருக்கு. எந்தச் சத்தம்னு சொல்லிக்குடுங்க."

விடியற்காலைகளில் கிடங்குகளுக்குப் பின்னாலுள்ள ஆளில்லாத சாலையில் பழகினார்கள். அவள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, கம்பியைப் பிடித்திருக்கும் அவருடைய மணிக்கட்டின்மேல் இரண்டு விரல்களை வைத்திருப்பாள். எஞ்சினின் குரல் உரிய இடத்துக்கு இறங்கியதும் ஒருமுறை தட்டுவாள். அவர் கம்பியைத் தள்ளுவார். நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதும், எஞ்சின் நிதானத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு ஒருமுறை தட்டுவாள். பல காலம் தையல் இயந்திரத்தின் குரலை அறிந்தவள் அல்லவா, வெகு விரைவில் பிடித்துக்கொண்டாள். எஞ்சினுக்கு எத்தனை குரல்கள் உண்டோ அத்தனையையும், எஞ்சியிருந்த செவியால் கேட்டுக் கேட்டு, அவளுக்குக் கொடுத்துவிட்டார், ஒன்றைத் தவிர. பிறர் வண்டியில் கேட்டிருந்தாரே தவிர, அது அவருக்கு நேர்ந்ததே இல்லை. ஆகவே அது நினைவுக்கே வரவில்லை.

குவாரி மேடேறும் நாளில், காதுக்காரர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்ததைக் கண்டு எல்லாரும் சிரித்தார்கள். "என்னய்யா, தனியாப் போகப் பயமா?" என்றார் கடைசல்காரர். அவர் சொன்னது காதில் விழாவிட்டாலும், காதுக்காரரும் சேர்ந்து சிரித்தார். மேடேறும் ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒருவர் மரக்கட்டையோடு நடந்துவருவார். அன்று காதுக்காரரின் லாரிக்குப் பின்னால் நடந்தவர் பம்பு மேஸ்திரி. நான் மேலே, நிழலில் நின்றிருந்தேன்.

பாதி மேடுவரை லாரி பிசகில்லாமல் ஏறியது. செங்குத்தான இடத்தில் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. லாரி ஒரு முழம் பின்னால் உருண்டு, ஒரு குலுக்கலோடு நின்றது. எஞ்சின் மீண்டும் பற்றிக்கொண்டது. காலடியில் அதிர்வு திரும்பியதும் அவருடைய முகம் மலர்ந்தது என்று தங்கை பிற்பாடு சொன்னாள். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்ததாம். நின்றுபோய்ப் பிழைத்த எஞ்சின், களைத்திருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாளாம். அது நிதானத்துக்கு வந்தது. அவள் தட்டினாள்.

மேஸ்திரி கட்டையைச் சக்கரத்தடியில் செருகக் குனிந்திருந்தார். அவருடைய காதுக்குத் தெரிந்துவிட்டது. "ஆஃப் பண்ணுய்யா! தலைகீழா ஓடுது! யோவ் காது!" என்று அவர் அலறியது மேலே நின்ற எனக்கே கேட்டது.

முன்னால் ஏறவேண்டிய கியரில் லாரி பின்னால் பாய்ந்தது. காற்று உள்ளே போகவேண்டிய வடிகட்டிக் குழாயிலிருந்து கரும்புகை கக்கியது. அந்தப் புகையைக் கண்ட பிறகுதான் அவருக்கு விளங்கியது. நிறுத்தும் குமிழை இழுத்து, இரண்டு கால்களாலும் பிரேக்கின்மேல் ஏறி நின்றார். லாரி நின்றது. அதற்குள் மேஸ்திரியின் வலக்கை சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே சிக்கியிருந்தது.

கையைக் காப்பாற்றினார்கள், விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவமனையில், காதுக்காரர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு எழவே மறுத்தார். மேஸ்திரி இடக்கையால் அவருடைய தலைமுடியைப் பற்றி முகத்தை நிமிர்த்தி, உதடு தெரியும்படி கேட்டார்: "காது போச்சுன்னு ஏன்யா சொல்லல? சொல்லியிருந்தா, கத்தறதுக்குப் பதிலா கல்லை எடுத்துக் கண்ணாடியில அடிச்சிருப்பேனேய்யா!"

அன்று மாலை காதுக்காரர் தம் கியர்க் குமிழ்கள் இரண்டையும் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார். லாரியின்மேல் தங்கை தைத்த தார்ப்பாயைப் போர்த்தினார். சில மாதங்களில் எஞ்சியிருந்த செவிப்புலனும் அடியோடு போயிற்று.

ஆனால் அவரை அழித்தது அதுவன்று. தங்கை அதன்பின் அவரைத் தொடவே இல்லை.

சாப்பிட அழைக்க வேண்டுமானால், அறைவிளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள். சட்டையைக் கையில் கொடுக்காமல் நாற்காலியின் முதுகில் வைத்துவிட்டுப் போவாள். செவியில்லாதவருக்கு வீட்டில் எஞ்சியிருந்த ஒரே பேச்சு அந்த இரண்டு விரல்கள்தாம்; அவற்றை அவள் பூட்டிவைத்துவிட்டாள். அவர் சமையலறை வாசலில் வந்து நின்று மணிக்கட்டை நீட்டுவார். அவள் கைகளைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பிவிடுவாள்.

"கண்ணு, ஏதாச்சும் சொல்லேன். திட்டவாச்சும் திட்டேன்."

"இந்தக் கையாலதானேங்க அந்தக் கை போச்சு," என்பாள், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. என்ன சொன்னாள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் என்னிடம் வந்து நிற்பார். "அக்கா, அவ என்ன சொல்றா?" நான் எழுதிக் காட்டுவேன். அவர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். "நான்தானே சொல்லிக்குடுக்கல! அந்த ஒரு சத்தத்தை நான்தானே சொல்லிக்குடுக்கல!"

மேஸ்திரியே ஒருநாள் வந்தார். மழுங்கிய கையை மேசையின்மேல் வைத்து, "தங்கச்சி, முப்பது வருஷமா ஓட்டுனவனுக்கே ஞாபகம் வரல, உனக்கு எப்படித் தெரியும்? என் கைக்காக நீ அழுதது போதும். அவன் வாயில்லாத மாடு மாதிரி வீட்டையே சுத்திச் சுத்தி வரான், பாக்க முடியல," என்றார்.

அவள் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் போன பிறகு, அவர் கை வைத்திருந்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் காதுக்காரர் படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. என் அறையில்தான் இரும்புக் கட்டிலைப் போட்டிருந்தோம். தெரு தெரியட்டும் என்பதற்காக. சாப்பாட்டை மறுத்தார். பேச்சையும் நிறுத்திக்கொண்டார். இரண்டொரு நாள்தான் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். நான் மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினேன்.

மறுநாள் காலை தெருவில் அந்தக் கூச்சல் எழுந்தது. கடைசல்காரர் ஓட்ட, மேஸ்திரி பக்கத்தில் அமர்ந்து, தார்ப்பாய் நீக்கிய லாரியை எங்கள் ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். எஞ்சினை அணைக்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

அவருடைய முகம் தெருவின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கட்டிலின் இரும்புச் சட்டத்தின்மேல் கிடந்த வலக்கை மெல்ல விரிந்து, அதை இறுகப் பற்றியது. அதில் எஞ்சினின் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு இடக்கையை உயர்த்தி, இல்லாத ஒரு கம்பியைத் தேடினார்; பிடித்தார். வெளியே மேஸ்திரி என்ன சொன்னாரோ, கடைசல்காரர் எஞ்சினை ஓங்க விட்டுக் காலை எடுத்தார். குரல் இறங்கத் தொடங்கியது.

தங்கை கதவருகில், கைகளைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தாள். காதுக்காரர் கண்களைத் திறந்து அவளைப் பார்த்தார். கை அந்தரத்திலேயே நின்றது.

"எப்போன்னு எனக்குத் தெரியல கண்ணு," என்றார். "நீ தட்டு."